அம்மப்பாவின் பேமிற்றும் நோபல் பரிசும்: பொருளாதார வரலாறு வன்னியை விளக்குமா?

கொலனிப்பேத்தி எழுதியது:

வணக்கம். நான் கம்பஸில் பொருளியல் இரண்டாம் வருடம், வீடு கிளிநொச்சியில் வட்டக்கச்சி. ஒரு அசைன்மென்றில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

2024இன் பொருளியல் நோபல் பரிசு டரோன் அசெமோக்லு, சைமன் ஜோன்சன், ஜேம்ஸ் றொபின்சன் என்ற மூவருக்குக் கிடைத்தது. 2001இல் அவர்கள் எழுதிய கட்டுரைதான் எங்களுக்குப் பாடம். வெள்ளையர்கள் எந்த நாட்டில் காய்ச்சலால் செத்தார்களோ அங்கே அவர்கள் குடியேறவில்லை, சுரண்டிக்கொண்டு போவதற்கான ஆட்சியை மட்டும் வைத்தார்கள். எங்கே சாகாமல் குடியேறினார்களோ அங்கே சொத்துரிமை, நீதிமன்றம் என்று தங்களுக்காகக் கட்டினார்கள். அவர்கள் போன பிறகும் அந்த அமைப்புகள் நின்றுவிட்டன, இன்றைய ஏழை பணக்கார வித்தியாசத்தில் பெரிய பங்கு அதற்கு உண்டு என்பது அவர்களின் வாதம். விரிவுரையாளர் “இதை உங்கள் ஊருக்குப் பொருத்தி எட்டுப் பக்கம்” என்றுவிட்டார்.

என் ஊரில் எதைப் பொருத்துவது? வன்னியில் வெள்ளைக்காரன் குடியேறவும் இல்லை, வெள்ளி தோண்டவும் இல்லை. காடு, யானை, குளம், காய்ச்சல். அம்மப்பா 1950களில் வடமராட்சியிலிருந்து அரசாங்கக் குடியேற்றத் திட்டத்துக் கொலனிக்கு வந்தவர். மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் பேமிற்றில், அதாவது அரச காணிக்கான அனுமதிப்பத்திரத்தில், கிடைத்தன. பிறகு யுத்தம், இடப்பெயர்வு, மீள்குடியேற்றம். வீட்டில் கேட்டேன். அம்மம்மா “எல்லாம் தலைவிதி” என்றார். மாமா “எல்லாம் அரசியல்” என்றார். இரண்டையும் எட்டுப் பக்கத்துக்கு இழுக்க முடியாது.

இந்தக் கேள்வி எனக்கு வந்த காரணம் வேறு. போன மாதம் மாமா உழவு மெசின் வாங்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனார். பேமிற் காணியைப் பிணையாக எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பரந்தன் பக்கம் உறுதிக்காணி, அதாவது சொந்த உரித்துள்ள காணி, வைத்திருக்கிற அவருடைய சிநேகிதனுக்கு அதே வங்கியில் ஒரு கிழமையில் காசு. இரண்டு பேருக்கும் ஒரே இரணைமடுக் குளத்துத் தண்ணீர், ஒரே விதைநெல், ஒரே மழை. இதைத்தான் புத்தகத்தில் ‘நிறுவனம்’ என்கிறார்களா? இதை எழுதினால் மாக்ஸ் வருமா?

---

வாய்க்கால்கரை வாத்தி எழுதியது:

பிள்ளை, முதலில் ஒன்று. ‘நிறுவனம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு வன்னியில் யாரிடமும் பேட்டி எடுக்கப் போகாதே. இங்கே நிறுவனம் என்றால் வெள்ளை வாகனத்தில் வந்து தகரமும் தறப்பாளும் தருகிற ஆட்கள். உயர்தரத்துக்கு இருபத்தாறு வருடம் பொருளியல் படிப்பித்தவன் நான். அந்தச் சொல்லை டக்ளஸ் நோர்த் பயன்படுத்திய கருத்தில் ஒரு பிள்ளைக்கும் ஒரே தடவையில் விளங்க வைத்ததில்லை. அவருக்கும் 1993இல் நோபல் கிடைத்தது. விளையாட்டின் விதிகள் என்று சொன்னார். வகுப்பில் நான் “தாச்சி விளையாட்டுக் கோடு” என்பேன். கோட்டைக் கீறியவன் ஒருவன், மிதித்தால் ‘அவுட்’ என்று சொல்கிறவன் ஒருவன், சொன்னால் மற்றவர்கள் கேட்பார்களா என்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்ததுதான் அது.

உன் மாமாவின் கதை எட்டுப் பக்கத்துக்கு மேலேயே போகும்.

இங்கிலாந்து மன்னன் கடன் வாங்கிய கதையோடு தொடங்கு. 1672இல் இரண்டாம் சார்ள்ஸ் வாங்கிய கடனைத் திருப்பித் தருவதை நிறுத்திவிட்டான். யார் கேட்பது? ராசா. 1688 புரட்சிக்குப் பிறகு காசுப் பை பாராளுமன்றத்தின் கைக்குப் போனது, 1694இல் இங்கிலாந்து வங்கி வந்தது. நோர்த்தும் வைங்காஸ்ட் என்பவரும் 1989இல் அந்தக் கணக்கைப் பார்த்தார்கள். 1688இல் ஒரு மில்லியன் பவுண் அளவில் இருந்த அரசாங்கக் கடன் 1697இல் கிட்டத்தட்டப் பதினேழு மில்லியன். கடன் கூடினால் கெட்டது என்று நாங்கள் நினைப்போம். அங்கே அது நம்பிக்கையின் அளவுகோல். இவன் வாக்கை மாற்றினால் தடுக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சனம் காசு கொடுத்தது.

உன் மாமாவிடம் வங்கிக்காரன் கேட்டதும் அதேதான். இந்தக் காணியில் கடைசிச் சொல் யாருடையது? பேமிற்றில் அந்தச் சொல் மாமாவுடையது இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு 1840க்குப் போக வேண்டும். அந்த ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் காடு, தரிசு, பயிரில்லாத நிலம் எல்லாம் முடிக்குரியது என்று அனுமானிக்கச் சொன்னது. அனுமானம் என்ற சொல்லைக் கவனி. ‘என்னுடையது’ என்று சொல்கிறவன்தான் நிரூபிக்க வேண்டும். கோப்பித் தோட்டக்காரருக்கு மலைநாட்டுக் காணியை விற்பதற்கு வாகாகச் செய்த சட்டம். ஆனால் சேனை வெட்டி, பல வருடம் காட்டை ஆறவிட்டு, திரும்பவும் அதே இடத்துக்கு வருகிற வன்னிக்காரனிடம் எந்த உறுதி இருக்கும்? ஆறவிட்ட காடு சட்டத்தின் கண்ணுக்குத் தரிசு. இன்றைக்கும் இந்த நாட்டு நிலத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அரசினுடையது.

பிறகு 1931இல் டொனமூர் யாப்பு, எல்லாருக்கும் வாக்கு. நாலு வருடத்தில், 1935இல், டி. எஸ். சேனநாயக்கா கொண்டுவந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், 19ஆம் இலக்கம். அம்மப்பாவின் கடதாசியில் அதன் ஆங்கிலச் சுருக்கம் ‘எல்.டி.ஓ’ என்று இருக்கும், பார். விற்க முடியாது, துண்டு போட முடியாது, நினைத்த இடத்தில் ஈடு வைக்க முடியாது, அரசாங்க அதிபரைக் கேட்காமல் ஒன்றும் இல்லை. காரணம் கெட்ட காரணமில்லை. 1927இல் கூடிய காணி ஆணைக்குழு, குடியானவன் கையில் காணியைக் கொடுத்தால் வட்டிக்காரனிடம் போய்விடும் என்று பயந்தது.

அந்தப் பயம் வீணில்லை என்பது எனக்குத் தெரியும். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் வயலைத் தத்துவெட்டி தின்றுவிட்டது. அப்பா உரத்துக்கும் மருந்துக்கும் ஒரு முதலாளியிடம் பட்டிருந்த கடன் நின்றது. அந்த மனிதர் சூடடிக்கிற அன்று லொறியோடு வந்து களத்து மேட்டிலேயே நெல்லை அளந்தார். எங்களுக்கு விட்டது எட்டு மூட்டை. அம்மா பதர் தூற்றிக்கொண்டே நின்றா, தலை நிமிரவில்லை. ஆனால் காணியில் அவர் கை வைக்கவில்லை, வைக்க முடியாது. அதே முதலாளியிடம் கடன்பட்ட இன்னொருவர் தன் சொந்த ஊர்ப் பரம்பரைக் காணியை அறுதி எழுதிக் கொடுத்துவிட்டு வந்து எங்கள் திண்ணையில் இருந்து வெற்றிலை போட்டது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்பாவைக் காப்பாற்றிய அதே வரிதான் இன்று உன் மாமாவைக் கட்டிப்போடுகிறது. இதை எழுதாமல் “தனியார் சொத்துரிமை நல்லது, அரச காணி கெட்டது” என்று முடித்தால் நான் நூற்றுக்கு நாற்பதுதான் போடுவேன்.

இப்போது பெருவுக்கு வா. உன் வாசிப்புப் பட்டியலில் மெலிசா டெல் 2010இல் எழுதியது இருக்கிறதா? இல்லாவிட்டால் விரிவுரையாளரோடு சண்டை பிடி. ஸ்பெயின்காரர் 1573இலிருந்து 1812 வரை ‘மீத்தா’ என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். கோடு கீறி, கோட்டுக்கு உள்ளே இருக்கிற ஊர்கள் வளர்ந்த ஆண்களில் ஏழில் ஒரு பங்கைப் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கும் உவான்காவெலிக்கா இரசச் சுரங்கத்துக்கும் அனுப்ப வேண்டும். டெல் செய்தது அந்தக் கோட்டின் இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான். ஒரே மலை, ஒரே மழை, ஒரே சனம். முறை ஒழிந்து இருநூறு வருடம் ஆகியும் கோட்டுக்கு உள்ளே ஒரு குடும்பத்தின் நுகர்வு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவு.

ருசியான இடம் அதற்குப் பிறகு. கோட்டுக்கு வெளியே இருந்தவை பெரிய பெரிய பண்ணைகள். பண்ணையார்கள் நல்லவர்கள் இல்லை, கூலியாட்களைப் பிழிந்தவர்கள்தான். ஆனால் உறுதியான உரித்து அவர்கள் கையில் இருந்ததால் அரசாங்கத்தை நெருக்கித் தங்கள் பக்கம் றோட்டுப் போடுவித்தார்கள். உள்ளே இருந்த குடியானவனுக்கு உரித்தும் தெளிவில்லை, றோட்டுக் கேட்கக் குரலும் இல்லை. ‘சமத்துவமான சிறு காணி நல்லது, பெரிய பண்ணை கெட்டது’ என்ற எங்கள் மனக்கணக்கு அங்கே உதைக்கிறது. ஆனால் இந்தியாவில் பானர்ஜியும் ஐயரும் 2005இல் பார்த்தபோது கணக்கு மற்றப் பக்கம் நின்றது. ஜமீன்தாரிடம் வரி வசூலை விட்ட மாவட்டங்கள், உழுகிறவனிடமே நேராக வாங்கிய ரயத்துவாரி மாவட்டங்களைவிட விளைச்சலிலும் பள்ளிக்கூடத்திலும் பின்தங்கி நின்றன. ஆகவே காணி பெரிதா சிறிதா என்பதோடு நிற்காதே. காணிக்காரனின் சத்தம் அரசாங்கத்தின் காதுக்குப் போகிறதா என்று கேள்.

வட்டக்கச்சியையும் பரந்தனையும் அப்படிப் பக்கத்தில் வைத்துப் பார். உன் கோடு பேமிற் வயலுக்கும் உறுதி வயலுக்கும் நடுவில் போகிற வரம்பு.

---

ஓய்வு கிளாக்கர் (வவுனியா) எழுதியது:

வாத்தியார் நல்லாக எழுதியிருக்கிறார். எனக்கு அரைவாசிதான் உடன்பாடு.

தங்கச்சி, மொட்டந்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது இந்தத் துறைக்காரர்களுக்குக் கைவந்த கலை. 1573இல் ஒரு கோடு, 2001இல் ஒரு வறுமை, நடுவில் உள்ள நாலு நூற்றாண்டு எங்கே போனது? கரெத் ஒஸ்ரின் என்ற ஆபிரிக்க வரலாற்றாசிரியர் 2008இல் இதையேதான் சொன்னார், வரலாற்றைச் சுருட்டி அமுக்குகிறார்கள் என்று. நோபல்காரர்களின் காய்ச்சல் கணக்கையும் டேவிட் அல்பூய் கிண்டிப் பார்த்தார். படையெடுத்துப் போன சிப்பாய்களின் சாவையும் முகாமில் இருந்தவர்களின் சாவையும் ஒன்றாகக் கலந்திருக்கிறீர்களே என்றார். அதையும் ஒரு பந்தி எழுதுங்கள். பரிசு கிடைத்தவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு இல்லை.

வன்னி வெறிச்சென்று கிடந்ததற்கு 1840ஆம் ஆண்டுச் சட்டமா காரணம்? ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் சேவை உத்தியோகத்தர் 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிக் கையேடு எழுதினார். பாழடைந்த குளங்களின் பெயர்களே அதில் பக்கம் பக்கமாகப் போகும். அவற்றில் எத்தனையோ, வெள்ளைக்காரன் வருமுன்னரே காடேறிவிட்டவை. ஒல்லாந்தருக்கு இந்தப் பக்கத்திலிருந்து வேண்டியிருந்தது திறை யானை. 1803இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்து, அதே வருடம் கற்சிலைமடுவில் தோற்றதோடு வன்னிமை என்ற குறுநில ஆட்சியும் முடிந்தது. அதன் பிறகு நூறு வருடமாக இங்கே காசு போட ஒருத்தருக்கும் தேவை இருக்கவில்லை. கண்டிக்கு றெயில் 1867இல் போய்விட்டது, கோப்பிக்காக. வடக்குப் பாதை 1905இல், அதுவும் யாழ்ப்பாணத்துக்கு. வன்னி வழியில் இருந்ததால் எங்களுக்கும் ஸ்ரேசன் கிடைத்தது.

சனம் வந்து தங்கியது எப்போது? 1946 அளவில் நுளம்புக்கு டி.டி.ரி. மருந்து அடிக்கத் தொடங்கிய பிறகு. எங்கள் அப்பு வாரத்துக்கு இரண்டு நாள் மலேரியாவுக்குக் கொயினா குடித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வேலி அடைத்தவர். நுளம்பு ஒழியாமல் எந்தக் காணிச் சட்டத்தாலும் ஒரு கொலனியும் நின்றிருக்காது.

இன்னொன்று. முப்பது வருடம் காணிக் கிளையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரே சட்டம், ஒரே சுற்றறிக்கை, ஒரே மாவட்டம். பெயர் வேண்டாம், ஒரு கந்தோரில் பேமிற்றை அளிப்பாக, அதாவது நிலையான உரித்துப் பத்திரமாக, மாற்ற மூன்று மாதம். இன்னொன்றில் மூன்று வருடம், அதுவும் ஃபைல் தொலையாவிட்டால். யுத்தத்தில் பதிவேடுகள் போன இடங்களில் இன்னும் மோசம். சனம் மழையில் நனைந்த, நாலாக மடித்த, பங்கருக்குள் வைத்திருந்த மண் வாசம் அடிக்கிற கடதாசியை லாச்சியில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். அந்த மூன்று மாதத்துக்கும் மூன்று வருடத்துக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை நோர்த் ஐயா எந்தக் கட்டுரையில் விளக்கியிருக்கிறார்?

---

கொலனிப்பேத்தி எழுதியது:

சேர், ஐயா, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. டெல்லின் கட்டுரையை எடுத்துவிட்டேன், படம் நன்றாக விளங்குகிறது, கணக்கு விளங்கவில்லை.

காணி சரி. தண்ணீரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? குளம் இருக்கிற இடத்தில் கொடுங்கோல் ஆட்சி வரும் என்று விற்ஃபோகல் என்பவர் 1957இல் எழுதியதாகக் குறிப்பில் இருக்கிறது. பெரிய அணை கட்டப் பெரிய அதிகாரம் வேண்டும் என்பது அவர் கதை. எங்கள் ஊரில் சிறுபோகத்துக்கு, அதாவது கோடைப் பயிருக்கு, தண்ணீர் பங்கிடுகிற கூட்டத்தில் எல்லாரும் கத்துவதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

---

வாய்க்கால்கரை வாத்தி எழுதியது:

கிளாக்கர் அண்ணை, கொயினாவையும் றெயிலையும் நான் விட்டது பிழைதான். சுருட்டல் பற்றிய குற்றச்சாட்டையும் ஏற்கிறேன். ஆனால் மூன்று மாதம் மூன்று வருடம் என்றீர்களே, அதுதான் நான் சொன்ன தாச்சியில் மூன்றாவது. கோடு ஒன்று, மத்தியஸ்தன் வேறு.

பிள்ளை, விற்ஃபோகலுக்குப் பதில் எங்கள் நாட்டிலிருந்தே போனது. எட்மண்ட் லீச் என்ற மானிடவியலாளர் அனுராதபுர மாவட்டத்தில் புல் எலிய என்ற சின்னக் குளத்துக் கிராமத்தில் இருந்து பார்த்தவர். வன்னிக்கு அடுத்த வீடு மாதிரித்தான். பெரிய குளங்கள் ஒரே ராசாவின் ஒரே கட்டளையில் வந்தவை அல்ல, பல நூற்றாண்டாகத் துண்டு துண்டாகச் சேர்ந்தவை, ஊர்க்குளத்தை ஊர்தான் நடத்தியது என்று 1959இல் எழுதினார்.

ஆனால் ஊர்தான் நடத்தியது என்றால் அதற்குள்ளும் கட்டாயம் இருந்தது. 1830களின் தொடக்கத்தில் ஆங்கிலேய ஆணையாளர் கோல்புறூக் சொல்லி இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழித்தார்கள். கட்டாய வேலை போகட்டும் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் முற்போக்கு. அந்தக் கட்டாயத்தோடு குளக்கட்டுக்கு மண் போடுகிற கட்டாயமும் சேர்ந்து போனது. எலி வளை வைத்தாலும் ‘அவன் அடைக்கட்டும்’ என்று இவன் இருந்தான். இருபது வருடத்துக்கு மேல் கழித்து, 1856இல், ஆளுநர் வார்ட் நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்து பழைய ஊர்வழக்கத்துக்கே திரும்பவும் சட்ட பலம் கொடுக்க வேண்டி வந்தது. ஊர் வயலையும் தண்ணீரையும் பார்க்கிற கமவிதானை வந்தது அந்த வழியில்தான்.

இரணைமடுவுக்கு வருவோம். 1902இல் தொடங்கி 1920 அளவில் முடிந்த குளம், இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. அது மழைக்காலப் பயிரான காலபோகத்தில். சிறுபோகத்தில் குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் என்று தீர்மானிப்பார்கள். சில வருடம் ஒரு ஏக்கர் காணிக்காரனுக்குக் கால் ஏக்கர்தான் பங்கு. போன தரம் நான் இருந்த கூட்டத்தில் பொறியியலாளர் அடிக்கணக்கைச் சொல்லி முடிக்குமுன்னர் ஒரு கிழவர் எழுந்து, “தம்பி, நீர் சொல்கிறது கட்டில் கிடக்கிற தடியின் கணக்கு. குளத்துக்குள்ளே எத்தனை அடி மண் கிடக்குது என்று அந்தத் தடி சொல்லுமே?” என்றார். மண்டபமே சிரித்தது. பொறியியலாளரும் சிரித்துவிட்டு, சொன்ன ஏக்கரைக் கொஞ்சம் குறைத்தார். நீ கண்ட கத்தல் இதுதான் பிள்ளை. அந்தக் கத்தலில் ஒரு தீர்மானம் வந்தால் ஆவணி வரைக்கும் அதை ஒருத்தரும் மீற மாட்டார்கள். மீறி மடையை வெட்டினவனின் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆள் போகாது.

இப்போது 2010களில் நடந்ததைப் பார். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொடுக்கிற திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன். கட்டை இரண்டு அடி உயர்த்துவோம், கூடுதலாகத் தேங்குகிற தண்ணீரைத்தான் எடுப்போம், உங்கள் பங்கில் கை வைக்க மாட்டோம் என்றார்கள். கமக்காரர் சம்மதிக்கவில்லை. ‘தண்ணிக்கும் கஞ்சத்தனம்’ என்று யாழ்ப்பாணத்தில் சிலர் எழுதியது எனக்கு இன்னும் கோபம். கணக்கையும் கேள்வி கேட்டவர்கள் உண்டு, ஆனால் அடிக் கேள்வி வேறு. வானம் பொய்க்கிற வருடத்தில் துருசின், அதாவது குளத்து மதகின், திறப்பு யார் கையில் என்றுதான் கேட்டார்கள். இன்று வாக்குத் தருகிற அதிகாரி இடமாற்றத்தில் போவார், அமைச்சர் தேர்தலில் போவார். சார்ள்ஸ் மன்னனுக்குக் கடன் கொடுத்தவர்களின் கேள்வியைத்தான் கிளிநொச்சிக் கமக்காரரும் கேட்டார்கள். நம்பத்தக்க பதில் ஒருவரிடமும் இருக்கவில்லை. கடைசியில் குளத்துத் தண்ணீரை விட்டுவிட்டுத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கப் போனார்கள், கூடிய செலவில். ஒரு வாக்கு நம்பப்படாததால் வந்த செலவு அது. எட்டுப் பக்கத்தில் நாலை இதற்கு ஒதுக்கு.

நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு கல்லோயா. அம்பாறையில் 1980களின் தொடக்கத்தில் படித்த இளைஞர்களைக் கமக்காரரோடு தங்கவிட்டு, வாய்க்கால் வாய்க்காலாகச் சின்னக் குழுக்கள் அமைத்தார்கள். வருடக்கணக்காகத் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களைத் தாங்களே வெட்டினார்கள், மேல்மடைச் சிங்களக் கமக்காரர் கடைமடைத் தமிழ்க் கமக்காரருக்குத் தண்ணீர் விட்டார்கள். எந்தக் காலத்தில் என்று யோசித்துப் பார். 2009இல் நோபல் பெற்ற எலினோர் ஒஸ்ரொம் தன் புத்தகத்தில் இதை எடுத்துக்காட்டாக வைத்தார்.

---

கடைமடை எழுதியது:

வணக்கம் சேர். நான் பெரிய படிப்பு இல்லை, வாசித்துக்கொண்டு வந்தேன், ஒன்று சொல்லலாமா?

எங்க அப்பா 1977 கலவரத்துக்குப் பிறகு மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கிளிநொச்சிக்கு வந்தவர். காடு வெட்டினது அவர், கொட்டில் போட்டது அவர். பேமிற் கிடையாது. அப்பாவுக்கே பிரஜாவுரிமை இல்லை, 1948இல் பறித்தது. அடுத்த வருடம் வாக்கும் போனது. அரச காணி பிரஜைக்குத்தானே. நான் இப்போது ஒருத்தரின் மூன்று ஏக்கரைக் குத்தகைக்குச் செய்கிறேன், வாய்க்காலின் கடைசியில். காணிக்காரர் கனடாவில்.

நீங்கள் சொன்ன கூட்டத்துக்கு நானும் வருவேன் சேர். கதவுக்குப் பக்கத்தில் நிற்பேன். அந்தக் கிழவர் எழுந்து கேட்டால் சிரிப்பார்கள், நான் எழுந்தால் “நீர் ஆரின்ரை காணி?” என்று கேட்பார்கள். மூன்று வருடத்துக்கு முதல் தண்ணீர் எனக்கு வந்து சேராமல் பயிர் கருகினபோது குழுத் தலைவரிடம் போனேன். காணிக்காரரைக் கூட்டி வரச் சொன்னார். கனடாவிலிருந்தா?

வெள்ளைக்காரன் எங்க பூட்டனைக் கோப்பிக்குக் கூட்டி வந்தான். வாக்கைப் பறித்தது வெள்ளைக்காரன் இல்லை. கூட்டத்தில் என்னைப் பேசவிடாததும் வெள்ளைக்காரன் இல்லை. தங்கச்சி, எட்டுப் பக்கத்தில் எங்களுக்கும் ஒரு பக்கம் போட முடியுமா?

---

வாய்க்கால்கரை வாத்தி எழுதியது:

தம்பி, உங்கள் பதிவை நேற்றிரவு வாசித்துவிட்டுப் பதில் எழுதாமல் படுத்துவிட்டேன்.

ஒஸ்ரொம் நன்றாக நடக்கிற பொதுச்சொத்துகளுக்கு எட்டு நிபந்தனை சொன்னார். முதலாவது, யார் உள்ளே யார் வெளியே என்ற கோடு தெளிவாக இருக்க வேண்டும். எத்தனையோ வருடம் இதைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைப் பாடமாக்க வைத்தேன். வெளியே நிற்கிறவனுக்கு அந்தக் கோடு எப்படித் தெரியும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கூட்டத்தில் என் கதிரை முன்வரிசையில். என் வகுப்பில் உங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு எந்த வாய்க்கால் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். குத்தகைக்காரர் பேசலாம் என்று கமக்காரர் அமைப்பின் யாப்பில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன். இல்லாவிட்டால் அதைக் கேட்டு எழும்ப நான் தயார்.

---

கொலனிப்பேத்தி எழுதியது:

அண்ணா, ஒரு பக்கம் இல்லை, இரண்டு பக்கம் போட்டுவிட்டேன். சேர் கேட்ட நாலு பக்கத்தில் ஒன்றைக் குறைத்தேன், மன்னியுங்கள்.

நேற்று அம்மம்மாவின் றங்குப் பெட்டியைத் திறந்து பேமிற்றை எடுத்தேன். சீலைக்குள் சுற்றி, அதற்கு மேல் உரப்பை. எல்.டி.ஓ என்றுதான் இருக்கிறது. பின்னுரித்தாளர் என்ற இடத்தில் மாமாவின் பெயர். அம்மம்மாவின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. நாற்று நட்டது, களை பிடுங்கியது, யுத்தத்தில் முள்ளிவாய்க்கால் வரை அந்தக் கடதாசியை இடுப்பில் கட்டிக்கொண்டு போனது எல்லாம் அம்மம்மா. கேட்டேன். “எனக்கென்னத்துக்கு” என்றுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா. விதவைக்கு உயிர் உள்ளவரை அனுபவிக்கும் உரிமை மட்டும், மறுமணம் செய்தால் அதுவும் போகும் என்று சட்டத்தில் இருந்ததை இப்போதுதான் வாசித்தேன்.

மடிப்புகளில் கிழியத் தொடங்கிவிட்டது. நாளைக்கு ரவுணில் லமினேட் செய்யக் கொடுக்கப் போகிறேன்.

---

ஓய்வு கிளாக்கர் (வவுனியா) எழுதியது:

ஐயோ தங்கச்சி, லமினேட் செய்யாதீர்கள்! பெயர் மாற்றமோ பின்னுரித்துப் பதிவோ அந்தக் கடதாசியில்தான் எழுதிச் சீல் குத்த வேண்டி வரும். பிளாஸ்ரிக்குக்கு மேல் எப்படிக் குத்துவது? எத்தனை பேரை அதற்காகவே நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள், மூன்று போட்டோக்கொப்பி எடுங்கள், மூலத்தை ஒரு பிளாஸ்ரிக் ஃபைலுக்குள் மடிக்காமல் வையுங்கள். உரப்பை வேண்டாம், கடதாசி வேர்க்கும்.

2022இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி ஆண் பெண் வித்தியாசத்தை எடுத்தார்கள். அம்மம்மாவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய்க் கேளுங்கள். காலை ஒன்பது மணிக்கு முன்னர் போனால் நல்லது.